இளவேனில் வாசிப்பு: எந்தப் புதிய நாவலோடு எந்த அபுனைவு?

பக்கக்குறி

மார்ச் முதல் மே வரை என்ன படிக்கலாம் என்று கேட்பவர்களுக்காக இந்த இழை. வெறும் பெயர்ப்பட்டியல் வேண்டாம் என்பது என் வேண்டுகோள். நீண்ட பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் நான்கு நூல்களை ஒரே வாரத்தில் தொடங்கி, நான்கையும் அறுபதாவது பக்கத்தில் விட்டுவிடுவார். ஒரு நாவல், அதே உலகத்தை வேறு பக்கத்திலிருந்து தொடும் ஓர் அபுனைவு (கற்பனை அல்லாத நூல்) என்று இரண்டிரண்டாகச் சொல்வோம். எதை முதலில் படிப்பது, ஏன், எந்த இடத்தில் சிக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கடந்த மூன்று நான்கு ஆண்டுகளில் வந்ததைப் ‘புதியது’ என்று வைத்துக்கொள்ளலாம். ஜோடியில் ஒன்று பழையதாக இருந்தால் பரவாயில்லை.

என் முதல் ஜோடி: அருந்ததி ராயின் ‘மதர் மேரி கம்ஸ் டூ மீ’ (2025), அதோடு 1997இல் புக்கர் பெற்ற அவருடைய முதல் நாவல். நாவல் ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில் ‘சின்ன விஷயங்களின் கடவுள்’ என்று தமிழில் கிடைக்கிறது.

நினைவுக்குறிப்பு அவருடைய தாய் மேரி ராயைப் பற்றியது. கோட்டயத்தில் பள்ளி தொடங்கியவர். சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்குத் தந்தை சொத்தில் சம பங்கு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போய் 1986இல் வென்றவர். நாவலையே முதலில் படியுங்கள். நினைவுக்குறிப்பை முதலில் படித்தவர் நாவலுக்குள் போனதும் ‘இவர் இன்னார், அவர் இன்னார்’ என்று ஆள் அடையாளம் காண ஆரம்பித்துவிடுவார். நாவலில் வரும் தாய் அம்முதான் மேரி ராய் என்று தோன்றும். அது தவறு. நாவலில் அம்மு 31 வயதில் இறக்கிறாள். மேரி ராய் 88 வயது வரை வாழ்ந்து 2022இல் மறைந்தார். மகள் தன் கற்பனையில் தாயை எவ்வளவு மாற்றியிருக்கிறார் என்பதுதான் இந்த இரு நூல்களையும் சேர்த்துப் படிப்பதில் கிடைக்கும் பெரிய விஷயம்.

நாவலில் சிக்கும் இடம் முதல் அத்தியாயம். யார் செத்தார், யார் திரும்பி வந்தார் என்று எல்லாவற்றையும் அங்கேயே துண்டு துண்டாகச் சொல்லிவிடுகிறார். இரண்டு ஆண்டுகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: குழந்தைகளாக இருக்கும் பகுதி 1969, அம்முவின் இரட்டைப் பிள்ளைகள் எஸ்தாவும் ராஹேலும் வளர்ந்தபின் வீடு திரும்பும் பகுதி 1993. ஒவ்வொரு அத்தியாயத்தின் முதல் பத்தியிலும் இதில் எது என்று பார்த்துவிட்டால் பிறகு குழப்பமில்லை.

நூலேணி

ஜோடி யோசனை சரி. அதற்கு முன்னால் ஒரு கணக்கு. நூல் வாங்குவதற்கு முன்பே போட வேண்டியது இது.

புதிதாக எடுக்கும் நூலில் 20 நிமிடம் படித்துப் பாருங்கள். எத்தனை பக்கம் முடிந்தது என்பதை மூன்றால் பெருக்கினால் உங்கள் மணி நேர வேகம். இதை நாவலுக்கும் அபுனைவுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். நாவலில் மணிக்கு 30 பக்கம் போகிறவர் தரவு நிறைந்த அபுனைவில் 18 அல்லது 20தான் போவார். முதல் பத்துப் பக்கத்தை அளவாகக் கொள்ளாதீர்கள். பெயர்களும் இடமும் பழகாததால் அங்கே வேகம் எப்போதும் குறைவு. இரண்டாம் அத்தியாயத்தில் அளந்தால் உண்மையான எண் கிடைக்கும்.

தினமும் அரை மணி, எட்டு வாரம் என்றால் 28 மணி நேரம். வாரத்தில் ஒரு நாள் தவறும் என்று வைத்துக்கொண்டால் 24. மணிக்கு 25 பக்கம் என்ற சராசரியில் 600 பக்கம். ஒரு ஜோடியும் ஒரு சிறிய நூலும் அதில் அடங்கும். பருவத்துக்குப் பன்னிரண்டு நூல் என்று தீர்மானம் போடுகிறவர்கள் விட்டுவிடுவதற்குச் சோம்பல் காரணமில்லை, இந்தக் கணக்கைப் போடாததுதான் காரணம்.

இன்னொன்று. அபுனைவு நூலின் பக்க எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள். கடைசியில் குறிப்புகள், நூற்பட்டியல், சொல்லடைவு எல்லாம் சேர்ந்து நூறு பக்கம் வரை போகும் நூல்கள் உண்டு. உள்ளடக்கப் பக்கத்தில் ‘குறிப்புகள்’ எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். நீங்கள் தொடர்ச்சியாகப் படிக்கப்போவது அதுவரைதான். மின்நூலில் 80 சதவீதத்திலேயே நூல் முடிந்துவிடுவதும் இதனால்தான்.

அடிக்குறிப்பு

என் ஜோடி: சமந்தா ஹார்வியின் ‘ஆர்பிட்டல்’, ஜான் வைலன்ட்டின் ‘ஃபயர் வெதர்’. முதலாவது 2024 புக்கர். இரண்டாவது அபுனைவுக்கான பெய்லி கிஃபோர்டு பரிசை 2023இல் பெற்றது.

‘ஆர்பிட்டல்’ 136 பக்கம்தான். விண்வெளி நிலையத்தில் ஆறு பேர், ஒரே ஒரு நாள். நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. ஆகவே ஒரு நாளில் 16 சுற்று, 16 சூரிய உதயம். நாவலின் அமைப்பே அந்த 16 சுற்றுதான். கதை என்று தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஒரு பெண்ணுக்குத் தாய் இறந்த செய்தி வருகிறது, கீழே ஒரு பெரும்புயல் வளர்ந்துகொண்டே கரையை நோக்கிப் போகிறது, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவே. பக்கம் குறைவு என்று ஒரே அமர்வில் முடிக்கப் பார்ப்பது பெரிய தவறு. வாக்கியங்கள் நீளமானவை, ஒரே தாளகதியில் போகிறவை. நாற்பது பக்கத்துக்குமேல் தொடர்ந்து படித்தால் கண் வரிகளின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று சுற்று என்று வைத்தால் ஒரு வாரத்தில் முடியும்.

‘ஃபயர் வெதர்’ கனடாவின் ஃபோர்ட் மெக்முர்ரே நகரை 2016 மே மாதம் எரித்த காட்டுத்தீயைப் பற்றியது. இது இளவேனிலில் படிக்க வேண்டிய நூல் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே பனி உருகிய பிறகு, புதிய தளிர் வருவதற்கு முன், சில வாரங்கள் ஊசியிலை மரங்களின் இலைகளில் ஈரம் மிகக் குறைவாக இருக்கும். தரையிலோ போன ஆண்டின் காய்ந்த புல். அந்த இடைவெளியில் வெயில் ஏறினால் காடு எரிபொருள் கிடங்குதான். மே 3 அன்று வெப்பம் 32.8 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 12 சதவீதம். ஈரப்பதத்தின் எண் வெப்பத்தின் எண்ணுக்குக் கீழே இறங்கும்போதே அங்குள்ள தீயணைப்புத் துறையினர் எச்சரிக்கையாகிவிடுவார்கள். அன்றைக்கு இடைவெளி இருபதுக்கும் மேல். ஊரையே காலி செய்தார்கள், ஏறக்குறைய 90,000 பேர். வீடுகள் ஏன் சில நிமிடங்களில் தரைமட்டமாயின என்பதற்கு வைலன்ட் தரும் விளக்கம் மறக்க முடியாதது: இன்றைய வீட்டுக்குள் இருக்கும் மெத்தை, திரை, தரைவிரிப்பு, சுவர்ப்பூச்சு எல்லாமே பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வந்தவை.

சிக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். தீ ஊருக்குள் நுழைவதற்கு முன் பிட்டுமென் (தார் போன்ற கெட்டியான எண்ணெய்) தொழிலின் வரலாறு நீளமாக வரும். பலர் அங்கே விட்டுவிடுகிறார்கள். அந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்து, நகரம் எரியும் பகுதியை முடித்துவிட்டுத் திரும்பி வந்து படித்தால் நூல் கெடாது. கடைசிப் பகுதி காலநிலை அறிவியலின் வரலாறு. அதை மட்டும் விடாதீர்கள். எரிந்த நகரம் எந்த எண்ணெயை எடுத்து வாழ்ந்ததோ அதன் கணக்கு அங்கேதான் முடிகிறது.

தாழ்வாரம்

அடிக்குறிப்பு, ‘ஃபயர் வெதர்’ பற்றிச் சொன்னது எல்லாம் சரி. ‘ஆர்பிட்டல்’ நாவலுக்கு அது ஜோடி இல்லை என்பது என் கருத்து. விண்வெளி நாவலைப் படித்தவருக்கு அடுத்து எழும் கேள்விகள் உடலைப் பற்றியவை: எடையில்லாமல் எப்படித் தூங்குவது, தசை ஏன் தேய்கிறது, கண் பார்வைக்கு என்ன ஆகிறது. அதற்கு ஸ்காட் கெல்லியின் ‘எண்டூரன்ஸ்’ (2017) பொருத்தம். 2015–16இல் அவர் தொடர்ந்து 340 நாள் மேலே இருந்தார். கழிவறைக் கருவியைப் பிரித்துச் சரிசெய்வது, காற்றில் கரியமில வாயு கூடும்போது தலைவலி வருவது என்று ஹார்வி தொடாத எல்லாமே அதில் உண்டு.

அடிக்குறிப்பு

அந்தக் கேள்விகளுக்கு அது நல்ல விடைதான், மறுக்கவில்லை. ஆனால் தாழ்வாரம், ஹார்வியின் நாவல் விண்வெளியைப் பற்றியது இல்லை. அந்த ஆறு பேரும் முழுநேரமும் ஜன்னல் வழியே கீழேதான் பார்க்கிறார்கள். புயலைத் தூரத்திலிருந்து பார்க்க மட்டுமே முடிகிற நிலைமை அதன் மையம். தீக்குள் நின்றவர்களைப் பற்றிய நூலை அதற்குப் பக்கத்தில் வைத்தால்தான் அந்தத் தூரம் என்ன விலை என்று தெரியும். கருவிகளில் ஆர்வம் உள்ளவர்கள் கெல்லியை எடுக்கட்டும்.

மூன்றாம்அலமாரி

தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங்கின் ‘வி டூ நாட் பார்ட்’ யாரும் சொல்லவில்லையே. அவருக்கு நோபல் கிடைத்தது 2024 அக்டோபரில். இந்த நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2025 தொடக்கத்தில் வந்தது, கொரிய மூலம் 2021. தோழி மருத்துவமனையில் இருக்கிறாள், அவளுடைய வீட்டில் ஒரு வளர்ப்புப் பறவை தண்ணீரில்லாமல் இருக்கிறது, அதைக் காப்பாற்ற ஒருத்தி பனிப்புயலில் தென்கொரியாவின் ஜேஜு தீவுக்குப் போகிறாள். அங்கிருந்து 1948 படுகொலைக்குள் நாவல் இறங்குகிறது.

இங்கே பக்கக்குறியின் ‘நாவல் முதலில்’ விதி வேலை செய்யாது. ஜேஜுவில் நடந்தது கொரிய வாசகர் அறிந்தது. ஹான் காங் அதை விளக்குவதில்லை. பின்னணி தெரியாதவருக்கு நாவலின் இரண்டாம் பாதியில் யார் யாரைக் கொன்றார்கள், ஏன் கொன்றார்கள் என்பதே பிடிபடாது. பத்துப் பக்கமாவது வரலாறு படித்துவிட்டுப் போக வேண்டும். தேவையான அளவு இதுதான்: 1947 மார்ச் 1 அன்று ஊர்வலத்தின்மேல் போலீஸ் சுட்டது தொடக்கம். 1948 ஏப்ரல் 3 அன்று ஆயுத எழுச்சி. அதை ஒடுக்கப் போன படைகள் மலையடிவாரக் கிராமங்களை எரித்தன. 1954 செப்டம்பர் வரை நீடித்தது. இறந்தவர்கள் 25,000 முதல் 30,000 வரை என்று மதிப்பிடப்படுகிறது, தீவின் மக்கள்தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒருவர். பல பத்தாண்டுகள் அதைப் பற்றிப் பேசவே முடியாத நிலை. 2003இல்தான் அதிபர் மன்னிப்புக் கேட்டார். அந்த ஆவணங்கள் 2025இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன.

பக்கக்குறி

விதி என்று நான் சொல்லவில்லை, ராயின் ஜோடிக்கு மட்டும் சொன்னது. ஆனாலும் கொஞ்சம் மறுக்கிறேன். அந்த நாவலின் முதல் பாதியில் வாசகருக்கு எதுவும் தெரியாமல் இருப்பதே நல்லது. பனியில் வழி தெரியாமல் நடக்கிறவளோடு நாமும் வழி தெரியாமல் நடக்க வேண்டும். தீவில் அந்த வீட்டை அடையும் இடம் வரை படித்துவிட்டு நிறுத்தி, நீங்கள் எழுதிய இந்தப் பத்தியைப் படித்து, பிறகு தொடரலாம்.

மூன்றாம்அலமாரி

சரி, அதை ஏற்கிறேன். வீட்டை அடையும் இடம்தான் நிறுத்த வேண்டிய இடம். ஆனால் இரவில் தனியாகப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: தொடக்கத்திலேயே விரல் துண்டாகி ஒட்டவைக்கும் சிகிச்சை விரிவாக வருகிறது, மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை ஊசி குத்தும் விவரத்தோடு. அதைத் தாங்க முடியாதவர்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டலாம்.

ஈரமை

சிறுகதை படிப்பவர்களுக்கு: பானு முஷ்தாக் எழுதி தீபா பஸ்தி கன்னடத்திலிருந்து மொழிபெயர்த்த ‘ஹார்ட் லேம்ப்’. 2025 சர்வதேச புக்கர். அந்தப் பரிசைச் சிறுகதைத் தொகுப்பு ஒன்று பெற்றது அதுவே முதல் தடவை. 1990 முதல் 2023 வரை எழுதிய கதைகளிலிருந்து தேர்ந்தெடுத்த 12.

தொகுப்பை நாவல் போல ஒரே மூச்சில் படிப்பதால்தான் ‘எல்லாக் கதையும் ஒரே மாதிரி இருக்கிறது’ என்ற குறை வருகிறது. ஒரே ஊர்ச் சூழல், ஒரே வகைக் குடும்பங்கள்; கணவன், மாமியார், பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி என்று பாத்திரங்கள் கலந்துவிடும். இரண்டு நாளைக்கு ஒரு கதை, நடுவில் வேறு அபுனைவு என்று வைத்தால் 24 நாளில் முடியும், ஒவ்வொரு கதையும் தனியாக நிற்கும். தலைப்புக் கதையையும் கடைசிக் கதையையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டாம். இரண்டுமே நெஞ்சை அழுத்துகிறவை.

தீபா பஸ்தி கன்னட, உருது, அரபுச் சொற்களைச் சாய்வெழுத்தில் போடவில்லை, அடிக்குறிப்பும் தரவில்லை. அது வேண்டுமென்றே எடுத்த முடிவு. தமிழ் வாசகருக்குப் பெரும்பாலான சொற்கள் தாமாகவே விளங்கும், அகராதியைத் தேடி ஓட வேண்டியதில்லை.

நூலேணி

ஜோடி சொல்லவில்லையே ஈரமை?

ஈரமை

மேலே பக்கக்குறி சொன்ன ராயின் நினைவுக்குறிப்புதான். பானு முஷ்தாக் வழக்கறிஞர். கதைகளில் சொத்து, மணவிலக்கு, ஜீவனாம்சம் என்று சட்டம் பின்னால் நின்றுகொண்டே இருக்கும். மேரி ராயின் வழக்கை அறிந்தபின் இந்தக் கதைகளைப் படித்தால், நீதிமன்றம் போக முடியாத பெண்கள் யார் என்பது தெளிவாகத் தெரியும்.

குடைநிழல்

தமிழிலேயே எழுதப்பட்டது எதுவும் இல்லையா? நான் சொல்கிறேன். இமையத்தின் ‘செல்லாத பணம்’, 2020 சாகித்ய அகாதெமி விருது. அதோடு ரேச்சல் கிளார்க்கின் ‘தி ஸ்டோரி ஆஃப் எ ஹார்ட்’, பெண் எழுத்தாளர்களுக்கான 2025 பெண்கள் அபுனைவுப் பரிசு. நாவல் 2018இல் வந்தது, அபுனைவு 2024.

இரண்டுமே மருத்துவமனையில் காத்திருப்பவர்களின் நூல்கள். இமையம் தீக்காயப் பிரிவின் வெளியே நிறுத்திவிடுகிறார் நம்மை. உள்ளே மகள், வெளியே பெற்றோர், அவர்களுடைய பணத்தால் எதுவும் செய்ய முடியவில்லை. நாவலின் பெரும்பகுதி உரையாடல். விளக்கவுரை மிகக் குறைவு. அதனால் பக்கம் வேகமாகப் போகும், ஆனால் மனம் அந்த வேகத்துக்குப் போகாது. கிளார்க் ஒரு மருத்துவர். விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒன்பது வயதுச் சிறுமியின் இதயம் அதே வயதுச் சிறுவனுக்குப் பொருத்தப்பட்டதை மணிக்கணக்கில் பின்தொடர்கிறார். மூளைச்சாவை எப்படி உறுதிசெய்கிறார்கள், எடுத்த இதயம் சில மணி நேரத்துக்குள் ஏன் ஓட வேண்டும், செயற்கைச் சுவாசக் கருவியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் எப்படி உருவாயின என்று ஒவ்வொன்றையும் விளக்குகிறார். இங்கிலாந்தில் உறுப்பு தானச் சட்டம் 2020இல் மாறியதற்கு அந்த இரு குடும்பங்களும் ஒரு காரணம்.

இமையத்தை முதலில் படியுங்கள். கிளார்க்கின் நூலில் துயரத்தோடு ஒரு பிழைத்தலும் இருக்கிறது. அதை முதலில் படித்துவிட்டு நாவலுக்குப் போனால் தாங்காது. உடல் எரிவது, குழந்தை இறப்பது இரண்டும் வருவதால், சமீபத்தில் இழப்பைச் சந்தித்தவர்களுக்கு இந்த ஜோடியைப் பரிசாகக் கொடுக்காதீர்கள்.

தாழ்வாரம்

தமிழ் அபுனைவுக்கு ஒன்று: ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’, 2024 சாகித்ய அகாதெமி விருது. வ.உ.சி., சுப்பிரமணிய சிவா கைது 1908 மார்ச் 12. மறுநாள் ஊரே தெருவில் இறங்கியது. துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஜூலை 7 அன்று வ.உ.சி.க்குத் தண்டனை. மார்ச்சில் தொடங்கினால் நூலின் நாள்களோடு சேர்ந்து படித்துக்கொண்டு போகலாம். தலைவர்களின் வரலாறாக எழுதாமல், அன்று கல் எறிந்தவர்கள், அதற்காகச் சிறை போனவர்கள் யார் என்று தேடிப்போவது இதன் பலம். இதற்கு ஜோடி நாவல் தேவையில்லை, வலிந்து ஒன்றைக் கட்டிவைக்காதீர்கள்.

அடிக்குறிப்பு

ஒப்புக்கொள்கிறேன். அதைச் சாக்காக வைத்து, புதிய அபுனைவு நூலைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். பரிசு பெற்றதா என்பதைவிட இவை முக்கியம்.

கடைசிப் பக்கங்களுக்குப் போய்க் குறிப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இப்போது பல பதிப்பகங்கள் வரிகளில் எண் போடுவதில்லை. பின்னால் பக்க எண்ணையும் வரியின் முதல் சில சொற்களையும் கொடுத்துக் குறிப்பைத் தருகின்றன. நூலை முடித்த பிறகுதான் குறிப்பு இருப்பதே பலருக்குத் தெரிகிறது. அடுத்து, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்லடைவில் தேடி அந்தப் பக்கத்தைப் படியுங்கள். தெரிந்த இடத்தில் தவறு இருந்தால் தெரியாத இடத்திலும் இருக்கும். மூன்றாவது, துணிச்சலான ஒரு கூற்றை எடுத்து அதன் குறிப்பைப் பாருங்கள். அது மூல ஆவணத்துக்குப் போகிறதா, இன்னொருவருடைய பொதுநூலுக்குப் போகிறதா? மூன்று கூற்றில் மூன்றுமே பொதுநூலுக்குப் போனால் அது தொகுப்புநூல்; அதைப் படிக்கலாம், ஆனால் ஆராய்ச்சி என்று நம்பி மேற்கோள் காட்டக் கூடாது. சொல்லடைவே இல்லாத 400 பக்க வரலாற்று நூல் என்றால் பதிப்பில் அவசரம் நடந்திருக்கிறது என்று பொருள்.

நினைவுக்குறிப்புகளுக்கு இது பொருந்தாது. ரிச்சர்ட் ஃபிளனகனின் ‘கொஸ்டின் 7’ அப்படிப்பட்டது, 2024 பெய்லி கிஃபோர்டு. அவருடைய தந்தை ஜப்பானில் போர்க்கைதியாக இருந்தவர். ஹிரோஷிமாவில் குண்டு விழாமல் இருந்திருந்தால் தந்தை பிழைத்திருக்க மாட்டார், தானும் பிறந்திருக்க மாட்டேன் என்ற இடத்திலிருந்து நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ், இயற்பியலாளர் லியோ ஸிலார்டு என்று சங்கிலித்தொடராகப் போகிறார். அதில் காட்சிகளைக் கற்பனையால் நிரப்புகிறார். அதை அணுகுண்டு வரலாறாக எடுத்தால் ஏமாறுவீர்கள். ஒரு மகன் தன் பிறப்பின் விலையைக் கணக்கிடும் நூலாக எடுத்தால் ஈடு இணையில்லை. மேலே சொன்ன ஜேஜு நாவலுக்குப் பக்கத்தில் வைக்க இதுவே என் தேர்வு.

மூன்றாம்அலமாரி

நல்ல தேர்வு. இரண்டிலும் கேள்விக்கு விடை இல்லை, கேட்பது மட்டும் நிற்கவில்லை.

ஈரமை

மொழிபெயர்ப்பு நூல்களுக்கும் ஒரு சோதனை உண்டு. பதிப்புரிமைப் பக்கத்தில் எந்த மொழியிலிருந்து மொழிபெயர்த்தது என்று பாருங்கள். கொரிய, ஜப்பானிய, ஹங்கேரிய நூல்கள் தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாக வருகின்றன. அது குற்றமில்லை. ஆனால் அந்தத் தகவலை மறைத்திருந்தால் கவனம் தேவை. அத்தியாய எண்ணிக்கையை ஆங்கிலப் பதிப்போடு ஒப்பிட்டால் சுருக்கப்பட்டதா என்று தெரிந்துவிடும். பிறகு நடுவில் ஓர் உரையாடல் பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். பேச்சு வாயில் வராமல் இடறினால் 300 பக்கமும் இடறும். முதல் பக்கத்தை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள், அதை எல்லோரும் பலமுறை திருத்தியிருப்பார்கள்.

குடைநிழல்

‘ஜேம்ஸ்’ பற்றி யாராவது எழுதுங்கள். மார்க் ட்வைனைப் படிக்காமல் அதை எடுக்கலாமா?

நூலேணி

எடுக்கலாம், ஆனால் பாதி போய்விடும். பெர்சிவல் எவரெட்டின் ‘ஜேம்ஸ்’ 2024இல் வந்தது. அமெரிக்காவின் தேசிய நூல் விருதும் 2025 புலிட்சரும் பெற்றது. ஹக்கிள்பெரி ஃபின் கதையில் ஓடிப்போகும் அடிமையான ஜிம்மின் வாயால் சொல்லப்படுவது. வெள்ளையர் முன்னால் கொச்சையாகப் பேசுவதும் தங்களுக்குள் திருத்தமாகப் பேசுவதும் உயிர் காக்கும் தந்திரம் என்பதுதான் எவரெட்டின் கண்டுபிடிப்பு. பழைய நாவலில் ஜிம் எப்படிப் பேசினான் என்று தெரியாதவருக்கு அதன் அதிர்ச்சி கிடைக்காது. ட்வைனின் 43 அத்தியாயமும் வேண்டாம், முதல் 20 போதும். எவரெட் அதுவரைதான் நெருக்கமாகப் பின்தொடர்கிறார். பிறகு ஹக் பார்க்காத பாதையில் கதை பிரிந்துவிடும்.

ஜோடி: ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய தன்வரலாறு. அடிமையாக இருந்து தப்பியவர் தாமே எழுதியது. பதிப்புரிமை இல்லாததால் இலவசமாகவே கிடைக்கும், 11 அத்தியாயம்தான். ஏழாம் அத்தியாயத்தில் தெருப்பையன்களிடம் ரொட்டியைக் கொடுத்து எழுத்துக் கற்றுக்கொள்கிறார். ‘ஜேம்ஸ்’ நாவலில் ஒரு பென்சில் துண்டுக்காக ஒருவர் கொடுக்கும் விலையைப் படிப்பதற்கு முன் அந்த அத்தியாயம் மனதில் இருக்க வேண்டும். வரிசை: ட்வைன் 20 அத்தியாயம், டக்ளஸ், ‘ஜேம்ஸ்’. அமெரிக்க வட்டார வழக்கு ஆங்கிலம் கண்ணுக்குப் புரியாவிட்டால் ட்வைன் பகுதியை ஒலிநூலாகக் கேளுங்கள், காதுக்கு உடனே விளங்கும்.

பக்கக்குறி

இன்னும் இரண்டு நாவல், சுருக்கமாக. யேல் வான் டெர் வூடனின் ‘தி சேஃப்கீப்’, 2025 பெண்கள் புனைவுப் பரிசு. 1961 நெதர்லாந்து, ஒரு வீடு, தனியாக வாழும் ஒருத்தி, விருந்தாளியாக வந்த இன்னொருத்தி, காணாமல் போகும் கரண்டிகள். இதன் மதிப்புரை எதையும் முன்கூட்டிப் படிக்காதீர்கள். வரலாற்றுப் பின்னணியைச் சொன்னாலே முடிச்சு அவிழ்ந்துவிடும். ஜோடியும் இப்போது சொல்ல மாட்டேன்.

டேவிட் ஸலாயின் ‘ஃபிளெஷ்’, 2025 புக்கர். ஹங்கேரியில் 15 வயதுப் பையனாகத் தொடங்கி ஒருவனுடைய வாழ்நாள். பெரிய சம்பவங்கள் அத்தியாயங்களுக்கு நடுவே, நம் கண்ணுக்குத் தெரியாமல் நடந்துவிடுகின்றன. ஒவ்வோர் அத்தியாயத் தொடக்கத்திலும் எத்தனை ஆண்டு தாண்டியது என்று நீங்களே கணக்கிட வேண்டும். உரையாடலில் அவன் ‘ஓகே’ என்பதைத் தவிர அதிகம் சொல்ல மாட்டான். அந்த வறட்சிதான் நூல், குறையல்ல. முதல் அத்தியாயத்தில் பெரியவள் ஒருத்தி சிறுவனைப் பயன்படுத்திக்கொள்வது வருகிறது; பதின்வயதினருக்குக் கொடுப்பதற்கு முன் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தாழ்வாரம்

நூலகத்தில் எடுப்பவர்களுக்கு நாள்காட்டி முக்கியம். சர்வதேச புக்கரின் 13 நூல் நெடும்பட்டியல் பிப்ரவரி கடைசி அல்லது மார்ச்சில் வரும், 6 நூல் குறும்பட்டியல் மார்ச் கடைசி அல்லது ஏப்ரலில், முடிவு மே மாதம். பெண்கள் பரிசுகளின் பட்டியல்களும் இதே மாதங்களில் வந்து ஜூனில் முடியும். புலிட்சர் மே. முடிவு அறிவித்த அன்றே காத்திருப்பு வரிசை நீண்டுவிடும். குறும்பட்டியல் வந்த அன்றே ஆறில் மெல்லிய இரண்டுக்குப் பதிவு செய்தால் முடிவுக்கு முன் கையில் கிடைக்கும். ஒரே வாரத்தில் ஆறையும் பதிவு செய்யாதீர்கள். ஆறும் ஒன்றாக வந்து, கெடுவுக்குள் முடிக்காமல் திருப்பிக் கொடுக்க நேரும்.

போன இலையுதிர்காலப் பரிசு நூல்களுக்கு இப்போது வரிசை குறைந்திருக்கும். கெட்டி அட்டையில் வந்து ஏறக்குறைய ஓராண்டான நூல்கள் காகித அட்டைக்கு வரும் நேரமும் இதுதான். அவசரமில்லாதவர் காத்திருந்து வாங்கலாம்.

வாசல்படி

புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர் இதில் எந்த ஒன்றை எடுப்பது? தினம் 25 நிமிடம்தான் முடியும், ஆறு வாரம். ஆங்கிலம் மெதுவாகத்தான் போகும்.

நூலேணி

ஆறு வாரம் 25 நிமிடம் என்றால் பதினேழரை மணி நேரம். தவறும் நாள்களைக் கழித்து 15. ஆங்கிலத்தில் மணிக்கு 15 பக்கம் என்று குறைவாகவே வைப்போம். ‘ஆர்பிட்டல்’ 136 பக்கத்துக்கு 9 மணி. மிச்சம் 6 மணி நேரத்தில் தமிழில் மணிக்கு 30 பக்கம் போனால் 180 பக்கம், ‘செல்லாத பணம்’ நாவலில் பெரும்பகுதி.

வரிசையை மாற்றுங்கள்: தமிழ் நாவலை முதலில் எடுங்கள். உரையாடலாக இருப்பதால் தினமும் உட்காரும் பழக்கம் முதல் இரண்டு வாரத்திலேயே அமைந்துவிடும். மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு நாளைக்கு ஒரு சுற்று என்று ஹார்வி. ஒரு சுற்று சராசரியாக எட்டு ஒன்பது பக்கம்; 25 நிமிடத்தில் ஆறு பக்கம்தான் முடிந்தால் சுற்றின் நடுவிலேயே குறி வைத்துவிட்டு மறுநாள் அந்தப் பத்தியின் தொடக்கத்திலிருந்து படியுங்கள். சொல் தெரியாத இடத்தில் நிற்க வேண்டாம். ஒரே சொல் மூன்றாம் முறை வந்தால் மட்டும் அகராதி பாருங்கள். கிளார்க், வைலன்ட் இரண்டும் அடுத்த பருவத்துக்கு இருக்கட்டும்.

குடைநிழல்

வாசல்படி, இமையத்தின் நாவலை இரவு படுக்கும் முன் எடுக்காதீர்கள். பகலில் அந்த 25 நிமிடத்தை ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். ஹார்வி இரவுக்குச் சரி.